லாரி சொன்ன சாட்சி

நாமக்கல் பட்டறையில், எரிந்துபோன முகப்பு விளக்கைப் பற்றி அரசு விசாரணை அதிகாரி லாரியிடமே கேட்டார். தப்பு விளக்கின்மேல் என்றால் லாரி பழைய இரும்பாக உடைப்புக்குப் போகும். டிரைவர்மேல் என்றால் நல்லசிவத்தின் லைசென்ஸ் போகும். நல்லசிவத்தால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. வெள்ளிதோறும் அந்தக் கண்ணாடியில் சூடு வெளியேற வழியில்லாமல் சந்தனம் அப்பியவர் அவர்தான்.

"கண்ணாடிய யாராச்சும் மூடுனாங்களா?"

"இல்லீங்க மேடம், விளக்கு தானா எரிஞ்சுச்சு," என்றது லாரி.

அதிகாரி உடைப்புத் தாளை எடுத்தார். நல்லசிவம் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"பொய் சொல்லுதுங்க மேடம்! சந்தனம் அப்புனது நானுங்க."

"லாரிக்குப் பொய் சொல்லத் தெரியாதே?"

"தெரியாதா? செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் லோடு கம்மின்னு சொல்லப் பழக்குனதே நான்தானுங்க!"

அதிகாரி உடைப்புத் தாளைக் கீழே வைக்கவில்லை. லைசென்ஸ் ரத்துத் தாளையும் சேர்த்து எடுத்தார்.