நீலச் செருப்பு

ஒடிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்த பசந்திக்குத் தமிழ் தெரியாது. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு தரும் ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. இடம்பிடித்து வரிசையில் நின்றவை செருப்புகள், ஆட்கள் மரநிழலில். கோயிலைப்போல் இங்கும் வெறுங்காலோடுதான் போக வேண்டும் என்று நினைத்துத் தன் நீலச் செருப்பையும் கடைசியில் கழற்றிவிட்டு, மூச்சிரைக்கும் மகளை மடியில் போட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

"ஏனுங்கண்ணா, அந்தப் புள்ளைக்கு இழுக்குதுங்க," என்றாள் ஒருத்தி, வரிசையின் முதல் செருப்புக்குச் சொந்தக்காரரான மீசைக்காரரிடம்.

"அதுக்கு? விடியறதுக்கு முன்னயே செருப்பு வெச்சவனாக்கும் நான்!"

"செருப்புக்குக் காச்சலுங்களா?"

மீசைக்காரர் முனகிக்கொண்டே எழுந்தார். நீலச் செருப்பைக் கையிலேயே எடுத்துவந்து தன்னுடையதற்கு முன்னால் வைத்தார்.

ஜன்னல் திறந்தது. எல்லோரும் அவரவர் செருப்புக்குள் நுழைந்தார்கள். முதல் ஜோடி காலியாகக் காத்திருந்தது.

பசந்தி வரிசையின் கடைசியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.