எலுமிச்சை வைத்த இடம்

வெள்ளைப் பஞ்சு கறுப்பாக வந்தது.

சமையல் மேடைக் கல்லுக்கு மெருகேற்ற வந்த பாலிஷ்காரர் அதை எங்கள் இருவருக்கும் தூக்கிக் காட்டினார். அடுப்புக்குப் பின்னால், சுவரை ஒட்டிய மூலையில், யார் கையும் படாத இடத்தில் தேய்த்த பஞ்சு. தேய்த்தது என்னுடைய நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்து. எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் நானே எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"இது கறுப்பு கிரானைட்டே இல்லம்மா. சாம்பல் கல்லு. மேல சாயம் ஏத்தி வித்திருக்காங்க. எலுமிச்சம்பழம் பட்டா வெளுக்கத்தான் செய்யும். பழத்து மேல என்ன தப்பு?"

என் கணவர் கல்லைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், பிறகு கூடத்துக்கு அந்தப் பக்கம் மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். அது அவருடைய அக்காவின் அறை.

"அப்போ அக்கா மேல தப்பே இல்லயா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால், சமையல் மேடை போட்ட இரண்டாவது வாரம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வெளுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. பாதி எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்த அளவு. எங்கள் வீட்டில் காலையில் எலுமிச்சைச் சாறு குடிப்பவர் நாத்தனார் ஒருவர்தான். கணவரை இழந்து எங்களோடு வந்து தங்கி அப்போது இரண்டு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

நான் மெதுவாகச் சொல்லவில்லை. வீடே அதிரக் கத்தினேன். தினமும் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சூடான பாத்திரத்தை நேராக இறக்கவிடாமல் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற கல். அதில் இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சொந்த வீடாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா என்றும் கேட்டேன்.

நாத்தனார் தொட்டிக்கு அடியில் தொங்கிய பழந்துணிப் பைக்குள் கையை விட்டார். கை வெளியே வரச் சற்று நேரமானது. ஒரு துணியை எடுத்து நனைத்து, அந்த வட்டத்தை மூன்று முறை துடைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து பழத்தைத் தன் அறையிலேயே, மடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துக்கொண்டு நறுக்கினார். சமையலறைக்கு வந்தால் வாசலோடு நின்று, "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்பார். நானும் பெரிய மகாராணிபோல் திரும்பிப் பார்க்காமல் "ம்" என்பேன்.

அந்த "ம்" இப்போது என் காதிலேயே திரும்பக் கேட்டது.

பாலிஷ்காரர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். "சாம்பிள் துண்டு கொடுத்திருப்பாங்களே. ஒரு ராத்திரி எலுமிச்சம்பழத்தைக் கவுத்து வச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

கணவர் என் பக்கம் திரும்பினார். கல்லைத் தேர்ந்தெடுத்தது நான். கடைக்கு நான்கு முறை நடையாய் நடந்ததும் நான். 'கல்யாணத்துக்குக்கூட நீ இவ்வளவு யோசிக்கல' என்று அப்போது கிண்டல் செய்தவர் அவர்.

"யாரும் எதுவும் கொடுக்கல" என்றேன்.

"சரி, நீயே போய் அக்காகிட்ட சொல்லு. திட்டினது நீதானே."

கூடம் பத்தடிகூட இருக்காது. அதைக் கடக்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது என்று தெரியவில்லை.

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாத்திரைப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கதவு மெல்லியது. எல்லாம் கேட்டிருக்கும்.

"அண்ணி, மன்னிச்சிடுங்க. கல்லுதான் சரியில்லயாம். எனக்குத் தெரியாமப் போச்சு."

"அதுக்கென்னம்மா, விடு" என்று பக்கத்து முக்காலியிலிருந்த தம்ளரை எடுத்தார்.

தம்ளருக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கல்துண்டு இருந்தது. அதன் நடுவில் வெளுத்த வட்டம்.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். கடைக்காரர் கொடுத்த சாம்பிள் துண்டில், அவர் சொன்னபடி ஒரு ராத்திரி முழுக்க எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்து, காலையில் அதைக் கண்ணால் பார்த்தவள் நான். யார் இப்படிப் பழத்தைக் கவிழ்த்து வைக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்தப் பளபளப்பை விட மனமில்லாமல், இதையே போடுங்கள் என்று கடைக்காரருக்குப் போன் செய்தவளும் நான். குப்பையில் போட்டால் கணவர் கண்ணில் படுமே என்று துண்டைப் பழந்துணிப் பையின் அடியில் செருகியிருந்தேன். மேடை வந்து இறங்கிய அமளியில் அதை அடியோடு மறந்தும் போனேன்.

நாத்தனார் மாத்திரையை விழுங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே என் கணவர் அறைக்குள் வந்தார்.

நாத்தனார் தம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்தார். வட்டம் முழுதும் மறைந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.