அட்டைப்பெட்டியின் பங்கு

கடல் தாண்டி வந்த கிட்டாருக்குக் கடையில் விலைச்சீட்டு ஒட்டியதும் தலைகால் புரியவில்லை.

"என் கூடப் பிறந்தவன் சொந்த ஊர்லயே பாதி விலைக்குத்தான் போனான். என் குரல் அப்படி" என்று, தன்னைச் சுமந்து வந்த அட்டைப்பெட்டியிடம் பீற்றிக்கொண்டது.

மூலை நசுங்கிக் கிடந்த பெட்டி சொன்னது: "குரல் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், தம்பி. கப்பல்காரன் கூலி வாங்கினான். துறைமுகத்துல சுங்கவரி போட்டாங்க. லாரிக்காரன், மொத்த வியாபாரி, கடைக்காரர்னு ஆளுக்குக் கொஞ்சம் ஏத்தினாங்க. உன்னை இங்க கொண்டு வந்து சேர்த்த விலை அது."

கிட்டார் தயங்கித் தயங்கிக் கேட்டது. "அதுல உனக்கு என்ன கிடைச்சுது, அண்ணே?"

"கப்பல் ஆடினப்ப இந்த மூலையில ஒரு அடி. லாரியிலேருந்து இறக்கினப்ப அந்த மூலையில ஒரு அடி" என்று பெட்டி சிரித்தது. "உன்மேல ஒரு கீறல் இல்லையே, அது போதும்."

அன்று சாயங்காலமே ஒரு பெண் கிட்டாரை வாங்கினாள். கடைக்காரர் பெட்டியை மடித்து, குப்பை வண்டிக்காக வாசலில் சாத்தி வைத்தார்.

அவள் அங்கேயே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். கிட்டார் தன் முழுக் குரலையும் எடுத்துப் பாடியது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் அது தங்களுக்காகத்தான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிட்டார் வாசலைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது.