மூன்றாவது கடிதம்

மூன்றாவது காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்துவிட்டது. முதல் வரியைப் படித்ததுமே கடிதத்தைக் கசக்கி எறிந்தார் அச்சகக்காரர்.

"பத்து வருஷமா இதயத்துக்கு மாத்திரை முழுங்குறவனுக்குக் குடுக்காம, மலையேறுறவனுக்கா இன்ஷூரன்ஸ் குடுப்பானுங்க?"

"இந்தத் தடவை கண்டிப்பா கிடைக்கும்னு அடிச்சுச் சொன்னீங்களே!" என்றபடி மனைவி கடிதத்தைப் பிரித்தாள். "இ.சி.ஜி.யில பெரிய கோளாறு இருக்காம். உடனே டாக்டரைப் பாக்கணுமாம். நமக்குத் தெரிஞ்ச கதைதானே, விடுங்க."

கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று போனை எடுத்தார். தம்பியை அழைத்தார்.

"என்னண்ணா, பாலிசி வந்துடுச்சா?"

"டேய், உடனே டாக்டர்கிட்ட கிளம்புடா!"

"ஐயோ, யாருக்குண்ணா உடம்பு சரியில்ல?"

"உனக்குத்தான்டா! அன்னிக்கு எனக்குப் பதிலா இ.சி.ஜி.க்குப் போய்ப் படுத்தது நீதானே!"