உச்சிவேளை ஆட்டம்

அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் வேதமூர்த்தி ஒரு விதி போட்டிருந்தார். காலையும் மாலையும் மனிதர்கள் நடக்கிறார்களாம். நாய்களை உச்சிவேளையில்தான் வெளியே கூட்டிவர வேண்டுமாம். போட்டவரே மீறலாமா? சித்திரை வெயிலில் தன் நாய் பூந்தியைச் சிமெண்டுத் தரையில் நடத்திக்கொண்டு போனார்.

பூந்தி காலை மாற்றி மாற்றித் தூக்கியது. “அடடா, என்னமா ஆடுறா!” என்று வீடியோ எடுத்தார். பால்கனிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

“நான் எங்கே ஆடறேன்? கால் வேகுது,” என்று பூந்தி முனகியது அவருடைய வலது ஹவாய் செருப்புக்குக் கேட்டது. அதன் அடிவயிறும் வெந்துகொண்டுதானே இருந்தது!

“அவர்கிட்ட சொல்லேன்,” என்றது பூந்தி.

“நான் காலில் இருக்கிறவரைக்கும் அவருக்கு எப்படிப் புரியும்?”

இடது செருப்பு பதறியது. “வேண்டாம்டி! வார் போனா குப்பைத்தொட்டிதான்.”

வலதுக்கும் பயம்தான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாரை அறுத்துக்கொண்டது.

வெறுங்கால் தரையில் பட்டதும் வேதமூர்த்தி, “ஐயோ அம்மா!” என்று துள்ளினார். ஒற்றைக்காலில் தத்தித் தத்தி நிழலுக்கு ஓடினார்.

“சார், ஒன்ஸ்மோர்!” என்று மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் தன் காலைப் பார்த்தார். பூந்தியின் நான்கு கால்களையும் பார்த்தார். அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாளே விதி மாறியது. விடியற்காலைக் குளிர்ந்த தரையில் பூந்தி நான்கு காலையும் நன்றாக ஊன்றி நடந்தது. வாரில் ஊக்கு மாட்டிய செருப்பும் பக்கத்திலேயே வந்தது.

“ஊக்கு வலிக்குதா?” என்றது பூந்தி.

“குத்தத்தான் செய்யுது,” என்றது செருப்பு. “ஆனா சுடவே இல்ல!”