முழு மாளிகை

லண்டனில் இப்போது இதுதான் மோகம்: செங்கல்மேல் சுண்ணாம்பு பூசி, கல் கட்டடம்போலக் கோடு கிழிப்பது. எங்கள் வீடும் அப்படித்தான். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே மாளிகை. உள்ளே நடுச்சுவர் பிரிக்கும் இரண்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் வாசல். மறுபாதிக்கு நேற்றுதான் யாரோ குடிவந்திருந்தார்கள்.

சுவரே பொய் சொல்லும்போது என் மனைவி லவீனியா சும்மா இருப்பாளா? மொத்த மாளிகையும் எங்களுடையது என்று நடன விருந்தில் எங்கள் மகள் ஜார்ஜியானாவோடு ஆடிய ஆம்புரோஸிடம் அளந்துவிட்டாள். "அவனுக்கும் பெரிய மாளிகையாம்!" என்று என்னிடம் பூரித்தாள்.

இன்று பெண் கேட்க வந்தவன் நாற்காலியில் நெளிந்துகொண்டே இருந்தான். தேநீரைத் தொடவில்லை, சுவரையே பார்த்தான்.

சுவருக்கு அப்பால் பியானோ ஒலித்தது. அவன் துள்ளி எழுந்தான்.

"நம்ம ஜார்ஜியானாதான்! அந்தப் பக்கத்து ஹால்ல வாசிக்கிறா," என்றாள் லவீனியா.

அப்போது பார்த்து ஜார்ஜியானா கேக் தட்டோடு உள்ளே வந்தாள். பியானோ நிற்கவில்லை.

எனக்கு மானம் போயிற்று. "பாதி வீடுதான் தம்பி எங்களுது."

"தெரியும் சார்," என்றான் ஆம்புரோஸ், முகம் சிவந்து. "நான் திரும்பி வர்ற வரைக்கும் பியானோவைத் தொடாதேன்னு எங்கம்மாகிட்ட தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!"