கத்தாத வான்கோழி

"இங்க பாரு, தும்மினே, உன்னைத்தான் முதல்ல சுடுவேன்," என்றார் ஹாலிஸ்.

"ஒரு கோழியையாவது சுட்டுட்டு அப்புறம் என்கிட்ட வா," என்று அவர் காதோடு சொன்னாள் வெர்னா.

பெரிய ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இலைப் படம் போட்ட சட்டை, முகத்தில் வலைத்துணி. கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. ஏப்ரல் பிறந்துவிட்டால் ஹாலிஸுக்கு வீடு மறந்துவிடும், ஓசார்க் மலையும் காட்டு வான்கோழியும்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளும் கூட வராத வெர்னா, இந்த வருஷம் ஒரேயடியாக ஒட்டிக்கொண்டாள்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் இதே பள்ளத்தில் பக்கத்துப் பண்ணை ஃபெரல் உட்கார்ந்து சேவலை வரவழைக்கப் பெட்டைக் கோழி மாதிரி குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். அதை நிஜக் கோழி என்று நம்பி எவனோ பதுங்கிப் பதுங்கி வந்து சுட்டான். ஃபெரலுக்கு ஒரு கண் போயிற்று. உயிர் தப்பியதே பெரிய விஷயம்.

"இந்த வருஷம் போகாதேன்னு எவ்வளவு கெஞ்சினேன்," என்று அவள் மறுபடி அவர் காதில் ஆரம்பித்தாள்.

"எங்கப்பா காட்டுக்கு வர்றதை நிறுத்தினாரு. அந்தக் குளிர்காலம் தாண்டலை. நானும் சோபாவுல உட்கார்ந்தே சாகணுமா, சொல்லு?"

வெர்னாவுக்கு இரண்டு பக்கமும் பயம். அவர் போனால் சுட்டுவிடுவார்களோ என்று பயம். போகாவிட்டால் இந்த மனுஷன் செத்துவிடுவாரோ என்று பயம்.

"ஏதாவது கேட்டுச்சா?" என்றார் ஹாலிஸ்.

வெர்னா பள்ளத்துக்கு அப்பால் இருந்த மேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் காதில் வாயை வைத்து, "ஒண்ணும் இல்லை," என்றாள்.

"எப்படிக் கேட்கும்? ரெண்டு வருஷமா இந்தச் சேவலுங்க வாயையே திறக்கறதில்லை. கத்தினா நரிக்கும் தெரிஞ்சுடும், நமக்கும் தெரிஞ்சுடும்னு கண்டுபிடிச்சிடுச்சுங்க. இப்பல்லாம் திருடன் மாதிரி சத்தமில்லாம வந்து நிக்குது. நாமதான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கணும்."

சிலேட்டுத் துண்டை எடுத்துக் குச்சியால் தேய்த்தார். பெட்டைக் குரல் அச்சாக வந்தது. அந்த விஷயத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஒவ்வொரு தேய்ப்பும், 'இங்கே இருக்கிறோம், வந்து சுடு' என்று ஊரைக் கூப்பிடுவது போலவே வெர்னாவுக்குப் பட்டது.

பின்பக்கம் சரக் என்றது.

அணிலோ? அணில் என்றால் சரசரவென்று ஓடும். இது ஒரு அடி வைத்து நின்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு அடி வைத்தது. ஐயோ, ஆள்!

ஹாலிஸ் தலையைத் திருப்பாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஓடலாமா, கையை ஆட்டலாமா? கூடவே கூடாது. வலைத்துணியை அவளுக்குக் கட்டிவிடும்போதே அவர் சொல்லியிருந்தார்: "ஆள் வந்தா அசையாதே. அசைஞ்சா அதையே கோழின்னு சுட்டுடுவான். இருந்த இடத்துலயே மனுஷக் குரல்ல கத்து."

கத்த மூச்சை இழுத்தாள். மறுபடி சரக். அதற்கும் பிறகு, துப்பாக்கியின் பூட்டை விடுவிக்கும் 'க்ளிக்'.

"சுடாதீங்க! ஆளுங்க இருக்கோம்! சுடாதீங்க!"

ஹாலிஸ் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். "ஏண்டி, பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? இனி எந்தச் சேவல்..." என்றவர் பின்னால் இருந்த புதர் அசைவதைப் பார்த்தார்.

புதரிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். கீழ்ப் பண்ணை டில்லார்டின் மருமகன். துப்பாக்கி தரையைப் பார்த்திருந்தது.

"ஐயா... அம்மா... மன்னிச்சிடுங்க. கோழின்னே நம்பிட்டேன். விரலைக்கூட வெச்சுட்டேன்..."

"பெட்டைக் குரலைக் கேட்டுப் பதுங்கி வர்றியே, உனக்கெல்லாம் எவன்டா துப்பாக்கி கொடுத்தான்? ஃபெரல் கண்ணு போனது பத்தாதா?" என்று எகிறினார் ஹாலிஸ். வெர்னாவைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நீ மட்டும் வரலைன்னா இந்நேரம் நான் பிணம்."

"அதான் வந்துட்டேனே," என்றாள். அழுகை முட்டியது.

"போதும், கிளம்பு. காப்பியைக் குடிச்சுட்டு நாளைக்குப் பார்ப்போம். வாயே திறக்காத கோழிக்காக உயிரையா விடறது?" என்று முதுகைக் காட்டிக் குனிந்து, சிலேட்டையும் பிளாஸ்க்கையும் பையில் அடைக்க ஆரம்பித்தார்.

டில்லார்டின் மருமகன் வெர்னாவைப் பார்த்து விழித்தான். "வாயே திறக்காத கோழியா? என்னம்மா சொல்றாரு? எதிர் மேட்டுல விடிஞ்சதுலேருந்து ஒரு சேவல் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கு. அதைக் கேட்டுத்தானே நானே இந்தப் பக்கம் வந்தேன்!"

வெர்னா சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள். சொல்லிவிடாதே என்று அவள் கண்கள் கெஞ்சின.

ஹாலிஸ் நிமிர்ந்தார். "என்னடா அது, வாய்க்குள்ளயே முணுமுணுக்கறே?"

வெர்னா அவர் காதோடு வாயை வைத்தாள். "இந்த வருஷம் அவனுக்கும் ஒண்ணுகூட கேட்கலையாம்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!"

எதிர் மேட்டில் சேவல் மறுபடி கத்தியது. பள்ளம் முழுக்க எதிரொலித்தது. வெர்னாவும் அவனும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஹாலிஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கவனிச்சியா வெர்னா, ஒரு சத்தம் உண்டா பாரு," என்றபடி முன்னால் நடந்தார்.